கோவா கிளம்பும் முன்: வத்தல்மலை, அடிவாரத்து இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி மாவட்டத்தின் வத்தல்மலையிலும் அதன் அடிவாரத்து ஊர்களிலும் பிறந்து, வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,

புரட்டாசி, ஐப்பசியில் வரும் ஆயுத பூஜை விடுமுறையும், அதை ஒட்டிக் கைக்கு வரும் தீபாவளி போனஸும் சேர்ந்துதான் ஆண்டுக்கு ஒரு பயணத்தை உங்களுக்குச் சாத்தியமாக்குகின்றன. ஓசூர் தொழிற்பேட்டையிலும் பெங்களூருவின் கட்டட வேலையிலும் திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும் பாடுபட்டுச் சேர்த்த பணம் அது. எங்கே போகலாம் என்ற பேச்சு எழுந்ததும் முதலில் வருவது கோவாவின் பெயர். கோவா என்றதும், பனாஜியில் மாண்டவி ஆற்றின் மேல் விளக்கு வெளிச்சத்தோடு நிற்கும் சூதாட்டக் கப்பல்களின் பேச்சும் கூடவே வரும். மழை ஓய்ந்து, ஆறு நிறைந்து, டிசம்பர் கூட்டம் இன்னும் வந்து சேராத அக்டோபர் மாதம் அங்கே போக நல்ல காலம்தான். யஷ்வந்த்பூரிலிருந்து கோவாவின் வாஸ்கோவுக்கு ரயிலும் இருக்கிறது. போக வேண்டாம் என்று இந்த மடல் சொல்லவில்லை. மாலை ஏழு மணிக்கு மேல் அந்த ஊரில் எந்த மேடையின் முன் உட்காரப் போகிறீர்கள் என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள் என்று மட்டும் கேட்கிறது.

முடிவு செய்யாமல் போகிறவர்களுக்காக அந்த ஊர் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. கப்பலுக்கு நுழைவுச் சீட்டு வாங்கினால் சாப்பாடு, மது, மேடை நிகழ்ச்சி, ஒருமுறை மட்டும் வைத்து ஆடக்கூடிய சில்லுகள் என எல்லாம் அதற்குள் அடங்கி வருவது பொதுவான வழக்கம். வார நாளுக்கு ஒரு விலை, சனி ஞாயிறுக்கு ஒரு விலை. ஆட்டமும் பாட்டும் வயிறு நிறையச் சாப்பாடும் இந்த விலைக்கா என்று தோன்றும். கரையிலிருந்து சிறு படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் இறக்கி விடுவார்கள். திரும்ப வேண்டுமென்றாலும் அந்தப் படகுதான் வர வேண்டும். நினைத்த நேரத்தில் எழுந்து தெருவுக்கு வந்துவிடக் கூடிய அரங்கு அல்ல அது.

உள்ளே மேடை இருக்கும் இடத்தைக் கவனித்தால் அதன் வேலை என்னவென்று விளங்கிவிடும். பாட்டோ நடனமோ வித்தையோ சிறு சிறு துண்டுகளாக நடக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விடப்படும். அந்த இடைவெளியில் போய் நிற்க மேசைகள் சில அடி தூரத்திலேயே இருக்கும். அங்கே ஆடுகிறவர்களின் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பயிற்சி பெற்ற கலைஞர்கள், உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். அவர்களுடைய கலையைக் காட்டுவதற்காக அந்த மேடை போடப்படவில்லை என்பதுதான் குறை. உங்களை மேசைக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு மணி நேரம் இருத்தி வைப்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பார்ப்பவரின் கண் மேடையில் இருக்கிறதா, மேசையில் இருக்கிறதா என்று தெரியாத இடத்தில் ஆட வேண்டியிருப்பது அந்தக் கலைஞர்களுக்கும் நல்லதல்ல.

அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ரவுலட் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களும் ஒரு பூஜ்யமும் சேர்ந்து 37 குழிகள். ஒரே எண்ணின் மேல் வைத்த 100 ரூபாய் வென்றால், வைத்த 100-ம் அதற்கு மேல் 3,500-ம் கிடைக்கும். எல்லாக் குழிகளிலும் தலா 100 வைத்தால் போட்டது 3,700. குண்டு எதில் விழுந்தாலும் திரும்பி வருவது 3,600. விடுபடும் அந்த 100 தான் நடத்துகிறவரின் பங்கு. சுற்றுக்கு 500 ரூபாய் வைத்து மணிக்கு 30 சுற்று ஆடுகிறவர் ஒரு மணி நேரத்தில் 15,000 ரூபாயை மேசை மேல் நகர்த்துகிறார். சராசரியாக அதில் 405 ரூபாய் போய்விடும். இரண்டு பூஜ்யம் உள்ள சக்கரமாக இருந்தால் குழிகள் 38, போவது ஏறத்தாழ 790. ஒரே இரவில் ஒருவர் ஜெயிக்கலாம், இன்னொருவர் பையைக் கவிழ்த்துவிட்டும் வரலாம். எத்தனை இரவுகள் சேர்கின்றனவோ, எத்தனை பேர் சேர்கிறார்களோ, அவ்வளவுக்கு இந்தச் சராசரி உறுதிப்படும். கோவாக் கப்பல்களில் நம்மவர் விரும்பி உட்காரும் மூணு சீட்டு, அந்தர் பாகர் மேசைகளிலும் விகிதம்தான் மாறும், பங்கு எடுப்பது மாறாது.

இதற்கு மேல் வரி. சூதாட்ட விடுதியில் சில்லு வாங்கக் கொடுக்கும் முழுத் தொகையின் மேலும் 2023 அக்டோபர் 1 முதல் 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம். ஜெயித்தால் அந்தப் பணத்துக்கு 30 சதவீத வருமான வரி. சீட்டோடு இலவசமாக வந்த நடனத்துக்கு இவ்வளவும் சேர்ந்துதான் கட்டணம். இதை முன்பே தெரிந்துகொண்டு, தோற்பதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி, அதற்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்காமல் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி முடியும் என்று உங்களில் யாருக்கு உறுதியோ அவர்களுக்கு இந்தப் பகுதி தேவைப்படாது. ஆனால் நண்பர்கள் குழுவாகப் போகும்போது அந்த உறுதி குழுவில் எல்லாருக்கும் இருப்பதில்லை. ஒருவன் தோற்ற பணத்தை மீட்க இன்னொருவனின் பணம் மேசைக்குப் போகிற இடத்தில்தான் ஊருக்கு அனுப்ப வைத்திருந்ததும் சேர்ந்து போகிறது.

இந்த ஏற்பாடு கோவா கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் இதை எழுபது எண்பது ஆண்டுகளாகச் செய்து பார்த்திருக்கிறது. தொடக்கத்தில் அங்கே பெரிய பாடகர்களை அழைத்து, சீட்டு விலையைக் குறைத்து வைத்து, காட்சியை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுவார்கள். காட்சி நீண்டால் மேசைகள் வெறுமையாகக் கிடக்கும் என்பது காரணம். 1969-இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இன்டர்நேஷனல் ஹோட்டலில் நான்கு வாரத்தில் 57 காட்சிகள் நடத்தினார். காலம் செல்லச் செல்ல அங்கே ஒரு மாற்றம் வந்தது. சர்க் டு சோலெய் சர்க்கஸ் குழு 1993-இல் தன் முதல் நிரந்தரக் காட்சியை அங்கே தொடங்கியது. 2003-இல் பாடகி செலீன் டியானுக்காகவே சீசர்ஸ் பேலஸில் 4,000-க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ஓர் அரங்கு கட்டப்பட்டது. 2023-இல் ஸ்பியர் என்ற உருண்டை அரங்கு திறந்தது. காட்சிக்கென்றே தனிச் சீட்டு, தனி அரங்கு, குறித்த நேரம் என்று ஆனதும், சூதாட்டத்தின் பக்கமே போகாமல் பாட்டை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப அங்கே வழி பிறந்தது. உங்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. தனிச் சீட்டு விற்கிற காட்சி தன் காலில் நிற்கிறது. சாப்பாட்டோடும் சில்லோடும் கட்டித் தருகிற காட்சி அப்படி நிற்பதில்லை.

சிங்கப்பூரிலோ கொழும்பிலோ சொந்தக்காரர் இருந்து அங்கே போகிறவர்களும் உங்களில் உண்டு. சிங்கப்பூரில் 2010-இல் இரண்டு சூதாட்ட விடுதிகள் திறந்தன. அதே ஊரில் எஸ்பிளனேட் அரங்கு ஆண்டுதோறும் நவம்பரில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழாவை நடத்துகிறது. கொழும்பில் பெரிய சூதாட்ட விடுதி ஒன்று 2025 ஆகஸ்டில் திறந்திருக்கிறது. நகரத்தின் பழைய நாடக அரங்கான லயனல் வென்ட் இன்னும் இயங்குகிறது. இப்படிப்பட்ட ஊர்களில் சூதாட்ட விடுதியும் கலை அரங்கும் அருகருகே இருக்கின்றன. ஒன்று விளம்பரம் செய்து உங்களைத் தேடி வரும், மற்றதை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

இந்த மேசைகளைத் திறந்து வைத்திருக்கும் அரசுகள் தங்கள் சொந்த மக்களை எப்படி நடத்துகின்றன என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். கோவா தன் 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தை 1992-இல் திருத்தி ஐந்து நட்சத்திர விடுதிகளில் இயந்திரங்களை அனுமதித்தது. 1996-இல் மீண்டும் திருத்திக் கப்பல்களில் மேசைகளை அனுமதித்தது. ஆனால் கோவாக்காரர்கள் அந்த இடங்களுக்குள் கால் வைக்கக் கூடாது என்ற தடை 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரில் உள்நாட்டவர் உள்ளே போக நாளொன்றுக்கு 150 வெள்ளி கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் இல்லை. நேபாளம் தன் குடிமக்களை உள்ளே விடுவதே இல்லை. தமிழ்நாட்டில் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டக் கூடங்களைத் தடுக்கிறது. 2003-இல் லாட்டரியும் ஒழிக்கப்பட்டது. லாட்டரிச் சீட்டால் காடும் கழனியும் போன குடும்பங்களை தர்மபுரி மாவட்டத்தில் உங்கள் அப்பாமார் தலைமுறை நேரில் பார்த்திருக்கிறது. தன் பிள்ளைகள் நுழையக் கூடாது என்று ஓர் அரசு கதவடைத்த இடத்துக்குள், வத்தல்மலைப் பிள்ளைகள் போனஸ் பணத்தோடு நுழைவதைப் பற்றி அந்த அரசுக்குக் கவலை இருக்கப் போவதில்லை. அந்தக் கவலையை நீங்களும் உங்கள் வீட்டாரும்தான் பட வேண்டும்.

சரி, கப்பல் ஏறவில்லை என்றால் பனாஜியில் மாலையில் என்ன பார்ப்பது? பார்க்க நிறைய இருக்கிறது. அதில் முதலில் சொல்ல வேண்டியது தியாத்ர். கொங்கணி மக்களின் மேடை நாடகம் அது. இதன் பிறப்பு உங்களுக்கு நெருக்கமானது. முதல் தியாத்ர் கோவாவில் நடக்கவில்லை. 1892 ஏப்ரல் 17-ஆம் நாள் பம்பாயில், வேலை தேடிப் போன கோவாக்காரர்கள் முன்பாக லூகாசினோ ரிபேரோ ‘இத்தாலியன் புர்கோ’ என்ற நாடகத்தை மேடை ஏற்றினார். ஊரை விட்டுப் போய் உழைத்தவர்கள் தங்கள் பொழுதுக்கும் தங்கள் மொழிக்கும் ஒரு மேடையை அங்கேயே கட்டிக்கொண்டார்கள். பிறகுதான் அது ஊருக்குத் திரும்பியது. ஜொவாவ் அகுஸ்தினோ ஃபெர்னாண்டஸ் எழுதிய நாடகங்களால் அது வேரூன்றியது. தியாத்ரின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள்.

தியாத்ரின் கட்டமைப்பு தெருக்கூத்து பார்த்த கண்ணுக்குப் புதிதாக இருக்காது. கதை ஆறு ஏழு காட்சிகளாக நகரும். ஒரு காட்சிக்கும் மறு காட்சிக்கும் நடுவே திரை இறங்கியதும், கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒருவர் முன்னே வந்து நின்று பாடுவார். அமைச்சர், ஊழல், சாலை, குடி, மாமியார் மருமகள், நேற்று நடந்த தேர்தல் என்று எதுவும் அந்தப் பாட்டில் வரும். கீழே டிரம்பெட்டும் சாக்ஸபோனும் டிரம்ஸும் நேரடியாக வாசிக்கப்படும். பிடித்த வரி வந்தால் அரங்கமே கை தட்டி மறுபடி பாடச் சொல்லும். கூத்தில் கோமாளியான கட்டியங்காரன் பாரதக் கதையை நிறுத்திவிட்டு ஊர்த் தலைவரைக் கிண்டல் செய்கிற இடம் உங்கள் நினைவுக்கு வராமல் போகாது. கொங்கணி தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. கதை பிடிபடாத இடத்திலும் பாட்டும் நகைச்சுவையும் உடல் அசைவிலேயே புரியும். பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கேட்டால் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்லித் தருவார். சீட்டு விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கும்.

பனாஜியில் மாண்டவிக் கரையிலேயே, காம்பல் பகுதியில், கட்டடக் கலைஞர் சார்லஸ் கொர்ரியா வடிவமைத்த கலா அகாதமி இருக்கிறது. மடகாவில் ரவீந்திர பவன் இருக்கிறது. தியாத்ருக்கு மடகா பனாஜிக்குக் குறைந்த ஊர் அல்ல. எந்த நாளில் எந்த நாடகம் என்பது உள்ளூர் நாளிதழ்களின் விளம்பரப் பக்கத்தில் வரும். அறை எடுத்த விடுதியின் மேலாளரைவிட டீக்கடைக்காரரிடமோ பேருந்து நடத்துநரிடமோ கேட்பது நல்லது. கப்பலைத் தவிர மற்றதை விடுதிக்காரர்கள் அதிகம் சொல்வதில்லை.

இந்தப் பருவத்துக் கோவாவில் பணமே வாங்காத காட்சி ஒன்றும் உண்டு. தீபாவளிக்கு முந்தின இரவு நடக்கும் நரகாசுரன் ஊர்வலம் அது. நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடிக்கிற அந்த விடியற்காலைக்கு முந்தின இரவு முழுக்க, பனாஜியிலும் மாப்சாவிலும் தெருவுக்குத் தெரு இளைஞர்கள் செய்த பிரம்மாண்டமான நரகாசுர உருவங்கள் வலம் வரும். விடிவதற்கு முன் அவை எரிக்கப்படும். தீபாவளிக்கு நீங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும், அம்மா காத்திருப்பார். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்பு போனாலே, மூங்கில் கட்டி, வைக்கோல் திணித்து, காகிதம் ஒட்டி, கோரைப்பல் செதுக்கி, நிறம் பூசி அந்த உருவங்களை அந்தந்தத் தெருப் பையன்களே உருவாக்குவதைச் சந்து சந்தாகப் பார்க்கலாம். வேலை முடிந்து வந்த உங்கள் வயதுக்காரர்கள் இரவு பதினொரு மணி வரை பசை கிண்டிக்கொண்டிருப்பார்கள். காசு கொடுத்து வாங்கிய பொழுதுபோக்கு எதிலும் இல்லாத ஒரு முனைப்பு அந்த முகங்களில் தெரியும்.

மாலையில் ஆற்றில் போக வேண்டும் என்ற ஆசைக்கு, கோவா சுற்றுலாக் கழகம் சாந்தா மோனிகா துறையிலிருந்து நடத்தும் படகுச் சவாரி இருக்கிறது. சூதாட்டம் கிடையாது, தேக்னி, ஃபுக்டி நடனங்கள் சற்று நேரம் ஆடிக் காட்டுவார்கள். அது ஓர் அறிமுகம், அவ்வளவுதான். நவம்பர் இறுதியில் போனால் பனாஜியில் இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழா நடந்துகொண்டிருக்கும். 2004 முதல் அது அங்கேதான் நடக்கிறது.

இதுவரை சொன்னது உங்கள் பணத்தைக் காக்க. இனிச் சொல்வது இந்த மடலின் மூல காரணம்.

உங்கள் கையில் காசு இருக்கும் மாதமும் உங்கள் ஊர்க் கூத்துக் கலைஞர்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் மாதமும் ஒன்றே. தெருக்கூத்துக்குப் பருவம் தை முதல் ஆடி வரை. மாரியம்மன் திருவிழாக்களும், பகலில் பாரதம் படித்து இரவில் கூத்து ஆடி, துரியோதனன் படுகளத்தோடும் தீமிதியோடும் முடியும் திரௌபதி அம்மன் விழாக்களும் அந்த மாதங்களுக்குள் வந்துவிடும். ஆவணிக்கு மேல் ஆட்டம் குறைந்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் மழையும் சேர்ந்து, திறந்த வெளியில் ஆட்டம் வைக்க முடியாது. யாராவது இறந்து கர்ண மோட்சக் கூத்து வைத்தால் ஒரு ராத்திரி வேலை உண்டு. மற்றபடி அருச்சுனன் வேஷக்காரர் தறிக்கோ கல் உடைக்கவோ போகிறார். திரௌபதி வேஷக்காரர் ஓட்டலில் மாவாட்டுகிறார். நீங்கள் பெங்களூருவில் சாரம் கட்டும் இடத்திலேயே மிருதங்கக்காரரின் மகனும் சாரம் கட்டிக்கொண்டிருக்கக் கூடும்.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென நல வாரியம் 2007-இல் அமைக்கப்பட்டது. மாவட்டக் கலை மன்றங்கள் ஆண்டுதோறும் விருதும் தருகின்றன. இவை நல்லவை. ஆனால் நல வாரிய அட்டை ஒரு கலைஞரை மேடை ஏற்றாது. வெற்றிலை பாக்கு வைத்து நாள் குறிக்க ஓர் ஊர் வேண்டும்.

அப்படி நாள் குறித்து வந்த ஊர்கள் கூத்தைக் கைவிட்டதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. திருவிழாவுக்கு வசூல் செய்யும் இளைஞர் குழுவில் இருப்பது நீங்கள்தான். ஒரு காலத்தில் இரண்டு ராத்திரி, மூன்று ராத்திரி கூத்து நடந்த இடங்களில் இப்போது ஆடல் பாடல் நிகழ்ச்சி வந்திருக்கிறது. லாரியில் ஒலிபெருக்கி வருகிறது. சினிமாப் பாட்டுக்கு நாலு பேர் ஆடுகிறார்கள். காவல் நிலைய அனுமதி, நீதிமன்ற நிபந்தனை என்று அலைந்து, கடைசியில் ஒரு சண்டையோடு முடிகிறது. கூத்து வைக்கிற ஊர்களிலும், நடு இரவில் முன் வரிசையில் குடித்துவிட்டு நின்று, சினிமாப் பாட்டுப் பாடச் சொல்லி வேஷக்காரரை அதட்டுகிற வழக்கம் பரவியிருக்கிறது. பாஞ்சாலி துகிலுரியப்படும் காட்சியில் விசில் அடிக்கிறார்கள். அறுபது வயதுக் கூத்து வாத்தியார் அதைக் கேட்டுக்கொண்டு விருத்தம் பாடுகிறார். மறுநாள் காலையில் பேசிய தொகையில் குறைத்துக் கொடுக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு, கூத்துக்குக் கூட்டம் வருவதில்லை என்று பழியையும் கலைஞர் மேல் போடுகிறார்கள்.

கூத்து எப்படித் தயாராகிறது என்பதை உங்களில் பலர் கிட்டப்போய்ப் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஒரு பாயை விரித்துப் பெட்டியைத் திறப்பார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் மினுக்குக் காகிதமும் ஒட்டியவை. சிறு கண்ணாடி ஒன்றை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு, எண்ணெயில் குழைத்த அரிதாரத்தை விரல் நுனியால் பூசி, மீசையையும் புருவத்தையும் குச்சியால் இழுப்பார்கள். முகத்துக்கே ஒரு மணி நேரம் போகும். பிறகு ஒருவர் பிடிக்க ஒருவர் சுற்றி, பாவாடை மேல் பாவாடையாகக் கட்டி, இடுப்பு விரிந்து நின்றதும் அந்த ஆள் ஓட்டல் வேலைக்காரர் அல்ல, இராஜா. வெளியே மிருதங்கமும் முகவீணையும் தாளமும் ஆர்மோனியமும் களரி கட்டிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடி, சலங்கைச் சத்தத்தாலேயே யார் வருகிறார் என்று சொல்லி, திரை விலகியதும் சுழன்று வந்து நிற்கிற அந்தத் தொடக்கத்துக்கு நிகராக மாண்டவிக் கப்பல் மேடையில் ஒன்றும் இல்லை.

ராத்திரி முழுக்க உட்கார முடியாது என்று நீங்கள் சொல்வது நியாயம்தான். வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கு அது பெரிய தடை. ஆனால் நேரத்தைச் சுருக்கி ஆடத் தெரியாத கலை அல்ல அது. திருவண்ணாமலை மாவட்டப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் வழியினரும், 1990-இல் தொடங்கிய காஞ்சிபுரம் கட்டைக்கூத்துச் சங்கமும் இரண்டு மணி நேரத்துக்கும் ஆடியிருக்கிறார்கள், விடிய விடியவும் ஆடியிருக்கிறார்கள். வெளிநாட்டு மேடைகளிலும் ஆடியிருக்கிறார்கள். கட்டைக்கூத்துச் சங்கத்தின் பள்ளியில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டப் பழகினார்கள். பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் மு. ஹரிகிருஷ்ணன் ‘மணல்வீடு’ இதழை நடத்தியதோடு கூத்துக் கலைஞர்களுக்கான விழாக்களையும் நடத்தி வந்திருக்கிறார். அபிமன்னன் சண்டையை மட்டும், அல்லது துகிலை மட்டும், இரவு ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடித்துத் தரச் சொன்னால் எந்த வாத்தியாரும் மறுக்க மாட்டார். அதற்கு மேல் பார்க்கத் தோன்றினால் விடிய விடிய வைக்கலாம்.

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏறி, அடியில் காப்பிச் செடி நிற்கும் உங்கள் தோட்டங்களைப் பார்க்கச் சனி ஞாயிறுகளில் வண்டிகள் வரத் தொடங்கிவிட்டன. கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்களுக்குச் சாயங்காலம் ஆனதும் செய்ய ஒன்றுமில்லை. தீ மூட்டி, ஒலிபெருக்கி வைத்து, வெளியூர்ப் பாட்டைப் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கப் போடுகிறார்கள். சுற்றுலாவுக்கு மலை தயாராக வேண்டும் என்கிறவர்கள் தங்கும் அறையைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். அந்த மாலைப் பொழுதை யாருக்குக் கொடுப்பது என்று நீங்கள் இப்போதே தீர்மானிக்காவிட்டால், கோவாவில் நடந்ததைப் போல வேறு யாராவது தீர்மானிப்பார்கள்.

கேட்பது இரண்டே. கோவாவுக்குப் போகும் குழு, அங்கே தங்கும் இரவுகளில் ஒன்றையாவது தியாத்ருக்கோ, தனிச் சீட்டு விற்கும் வேறு மேடைக்கோ கொடுக்கட்டும்; அதற்கான நாளையும் அரங்கையும் ரயில் ஏறும் முன் விசாரித்து வைக்கட்டும். இரண்டாவது, கப்பலில் செலவழிக்க நினைத்திருந்த தொகையைக் குழுவில் உள்ள எல்லாரும் ஒரே கையில் சேர்க்கட்டும். பத்துப் பேர் ஆளுக்கு 3,000 போட்டால் 30,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கூத்துக் குழுவான ஜமாவின் வாத்தியாரிடம் போய்த் தாம்பூலம் வைத்துப் பேசத் தொடங்கலாம்.

நாள், தீபாவளிக்கு அடுத்த சனிக்கிழமையாக இருப்பது நல்லது. எல்லாரும் ஊரில் இருப்பீர்கள். மழைக்காலம் என்பதால் கூரை அவசியம்: அடிவாரமானால் கல்யாண மண்டபம், மலையானால் சமுதாயக் கூடம். மலைக்கு வரும் ஜமாவை இருட்டுவதற்கு முன் மேலே கொண்டுவந்து சேருங்கள். மழையில் அந்தச் சாலையில் இரவில் யாரையும் இறக்கி விடாதீர்கள், படுக்க இடமும் போர்வையும் கொடுங்கள். எந்தக் கதை என்பதை ஊர்ப் பெரியவர்களிடமும் பெண்களிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். பெண்கள் உட்கார முன்னால் இடம் விடுங்கள். குடித்துவிட்டு வருகிறவனை, அவன் நண்பனே ஆனாலும், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். வேஷம் கட்டும் இடத்தில் நல்ல வெளிச்சமும் முகம் கழுவத் தண்ணீரும் இருக்கட்டும். இடையில் எல்லாருக்கும் டீ. கூத்து முடிந்ததும், பேசிய தொகை ஒரு ரூபாய் குறையாமல் வாத்தியார் கைக்குப் போகட்டும். அப்போதே அடுத்த ஆண்டுக்கும் நாள் குறித்துவிடுங்கள்.